சாதுக் கிருமி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பருந்து என்று பெயர். யார் வைத்தது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. காரணம் அவள் கண். வயிற்றுக் கிருமி தட்டில் வளர்ந்தால் குண்டூசி முனையால் தொட்டு வைத்த தண்ணீர்ப் பொட்டு அளவுதான் இருக்கும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் தட்டை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வளரலை மேடம்" என்று குப்பைக் கூடைப் பக்கம் போவார்கள். அவள் இருந்த இடத்திலிருந்தே கேட்பாள்: "கண்ணை எங்க அடகு வெச்சுட்டு வந்தே? வலது ஓரத்துல பாரு, பதினொண்ணு இருக்கு." எண்ணிப் பார்த்தால் பதினொன்றுதான் இருக்கும்.

இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், லிஃப்ட் நின்றதும் இடப்பக்கம் திரும்பினால் வரும் நீளமான அறை. ஒரு மூலையில் ஆள் உயர உறைபெட்டி, அதன் உறுமல் நிற்பதே இல்லை. இன்னொரு மூலையில் சூட்டுப்பெட்டி. நடுவில் அவளுடைய மேஜை, அதில் அவளைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள், பக்கத்தில் வந்து நிற்பாள். அதிலேயே எழுந்துவிடுவார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "பத்து நிமிஷம் லேட்டாப் போனா செத்துப்போற பிராணியை வெச்சுக்கிட்டு இருக்கேன், இன்னொண்ணு வேறயா?" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். அது பாதிக்கு மேல் உண்மை. அந்தக் கிருமிக்குப் புது மாப்பிள்ளையின் பிகு அத்தனையும் உண்டு. அமிலம் கொதிக்கிற வயிற்றுக்குள் வருஷக்கணக்கில் சௌக்கியமாகக் குடித்தனம் நடத்தும். வெளியே எடுத்தால் நாம் மூச்சு விடுகிற காற்றே அதற்கு ஆகாது. கீழ்த்தளத்தில் குழாய் டாக்டர் நோயாளியின் வாய் வழியாகக் குழாய் விட்டு, வயிற்றுச் சுவரிலிருந்து அரிசி அளவு சதையைக் கிள்ளி எடுப்பார். அதை வாங்கிக்கொண்டு இவள் படியேறி ஓடி வரவேண்டும். லிஃப்டை நம்ப முடியாது. சதையை அரைத்து, ரத்தம் கலந்த தட்டில் தடவி, காற்றைக் குறைத்த ஜாடிக்குள் மூடி, மனித உடம்பின் சூட்டில் ஐந்தாறு நாள் காத்திருந்தால், துரைக்கு மனசு வந்தால் முளைப்பார்.

முளைப்பவை எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் அந்த அறையின் வேலையே. கண்ணுக்கு எல்லாம் ஒன்று. உள்ளே மரபணுவைப் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம். சிலதில் ஒரு குறிப்பிட்ட மரபணு இருக்கும். அது இருக்கிற கிருமி வயிற்றுச் சுவரின் உயிரணுக்களுக்குள் தன் சரக்கை ஊசி போட்டதுபோல் இறக்கும். புண், வீக்கம், சிலருக்கு வருஷங்கள் கழித்துப் புற்று. அந்த மரபணு இல்லாத கிருமி பெரும்பாலும் அவ்வளவு தொந்தரவு தராது. அறிக்கையில் 'உண்டு', 'இல்லை' என்று எழுதுவார்கள். பேச்சில் பருந்து வைத்த பெயர்தான் புழங்கியது: முரடு, சாது. துறைத் தலைவரான பெரிய டாக்டருக்கு இது பிடிக்காது. "சாதுன்னு எதுவும் கிடையாது. கொஞ்சம் கம்மியான முரடு, அவ்வளவுதான். எதுவா இருந்தாலும் மாத்திரை போட்டு விரட்டணும்" என்பார். அவர் தலை மறைந்ததும் மறுபடி சாதுதான்.

அந்த அறைக்கு ஒரு விதி உண்டு. ஒரு தட்டிலிருந்து பத்துப் பொட்டு எடுத்துச் சோதிக்க வேண்டும், ஒன்று போதாது. ஒரே ஆளின் வயிற்றில் இரண்டு வகையும் அக்கம்பக்கத்தில் குடியிருக்கலாம். ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால், தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் தெருவே நல்ல தெரு என்று சொன்ன கதைதான். இந்த விதியை உண்டாக்கியதே பருந்து. முப்பது பேரின் தட்டுகளிலிருந்து தலைக்குப் பத்தாக முந்நூறு பொட்டுகளை அவள்தான் எடுத்தாள், அவள்தான் அட்டவணை போட்டாள். அது கட்டுரையாக வந்தபோது நாலு டாக்டர்களின் பெயர் மேலே இருந்தது. கடைசி வரியில் 'ஆய்வுக்கூட ஊழியர்களுக்கு நன்றி' என்று இருந்தது. அந்த வரியை அவள் ஒரு வாரம் வைத்துத் திட்டினாள். அதற்குப் பிறகு யாராவது ஒரே பொட்டோடு நிறுத்தினால் அவர்கள் மேல் விழும் திட்டில் அந்தக் கோபமும் கலந்தே வரும்.

இவ்வளவு தெரிந்தவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அண்ணன். ஆறு வயது மூத்தவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். முப்பது வருஷமாக ஊரார் தப்பாக ஓட்டுவதைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை நம்பியே உயிர் வாழ்ந்தவர். இவளுடைய வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அவர்தான் அந்தக் காரில் கூட்டிக்கொண்டு வந்து விட்டார், முன்னும் பின்னும் சிவப்பில் பெரிதாக எழுதிய கற்போர் பலகையோடு. "பயப்படாதே வாண்டு, உள்ள எதுவும் தெரியலைன்னா காரைக் காட்டு, கத்துக்கறேன்னு சொல்லு" என்றார். அவளுக்கு ஐம்பது தாண்டியும் அவருக்கு அவள் வாண்டுதான். வாரத்தில் நாலு நாள் சாப்பாடு அவர் வீட்டில். அண்ணி கேட்காமலே தட்டு வைத்துவிடுவாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனுக்கு நெஞ்சுக்குக் கீழே எரிய ஆரம்பித்தது. "கிளட்ச்சை விடத் தெரியாத ஜனங்களோட நாள் பூரா உக்காந்தா எரியாம குளிருமா?" என்று மூன்று மாதம் ஓட்டினார். பிறகு பருந்தே இழுத்துக்கொண்டு போய்க் குழாய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள். புண் பெரிதாக இல்லை, கிருமி இருக்கிறது என்றார் டாக்டர். மூன்று வகை மாத்திரை, பதினாலு நாள், ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வழக்கமான சோதனை அத்தோடு முடிந்தது. வகை பார்ப்பது ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். அண்ணன் அதில் சேரவில்லை. ஆனால் இவள் விடுவாளா? டாக்டரிடம் கெஞ்சி, கூடுதலாக ஒரு கிள்ளு வாங்கிக்கொண்டு மாடியேறினாள்.

நாலாம் நாளே முளைத்துவிட்டது. தட்டு முழுக்கப் பொட்டுகள். அன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்களின் வேலை மலையாய்க் குவிந்திருந்தது, மரபணுவை ஓட்டிப் பார்க்கும் தட்டில் ஒரே ஒரு குழிதான் காலியாக இருந்தது. தனியாக, உருண்டையாக, மற்றதோடு ஒட்டாமல் நின்ற ஒரு பொட்டை எடுத்தாள். மதியம் ஊதா விளக்குக்குக் கீழே பார்த்தபோது முரடு காட்டும் கோடு அந்த வரிசையில் விழவில்லை. சாது.

மிச்சம் ஒன்பதை அடுத்த நாள் பார்த்திருக்கலாம். சூட்டுப்பெட்டியில் தட்டு அப்படியேதான் இருந்தது. ஆனால் பார்க்கவில்லை. மனுஷ மனசு செய்கிற அயோக்கியத்தனம் இதுதான். கோடு விழுந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள், கை தப்பியிருக்கும் என்று பத்து என்ன, முப்பது எடுத்துப் பார்த்திருப்பாள். நல்ல சேதி வந்ததும் விதி, அட்டவணை, முந்நூறு பொட்டு எல்லாம் காற்றில் போயிற்று. போனை எடுத்துவிட்டாள்.

"அண்ணா, உன் கிருமி சாது!"

"என்னை மாதிரியா?" என்றார் அண்ணன்.

"உன்னைவிட."

அந்தப் பக்கம் அவர் சிரிப்பதும், காரில் இருந்த யாரிடமோ "பிரேக், பிரேக்" என்று கத்துவதும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனபோது மாத்திரைப் பட்டைகள் சமையலறைக் குப்பைத் தொட்டியில் கிடந்தன. நாலு நாளுக்கான குழிகள்தான் காலி. அண்ணி முறையிட்டாள்: "நீயாவது சொல்லு. வாய் கசக்குதாம், சாப்பாடு ருசிக்கலையாம். தூக்கிப் போட்டுட்டார்."

"முடிச்சுடு அண்ணா. டாக்டர் பதினாலு நாள்னாரே."

"டாக்டர் வாய் வழியா எட்டிப் பாத்தார். நீ கிருமியோட ஜாதகத்தையே பாத்துட்டே. நான் யாரை நம்பறது? சாதுன்னு சொன்னியே, சாதுவைப் போய் எதுக்கு அடிச்சு விரட்டணும்? பாவம், இருந்துட்டுப் போகட்டும்."

அவள் இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவி அவர் வாயில் திணித்திருக்க வேண்டும். அவள் சிரித்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். காரணத்தைப் பூசி மெழுக வேண்டியதில்லை, அவளுக்குப் பெருமையாக இருந்தது. நாலு டாக்டர்களுக்கும் கீழே நன்றி வரியில் கிடந்தவளின் வார்த்தையை, ஒரு டாக்டரின் சீட்டுக்கு மேலே தூக்கி வைக்க உலகத்தில் ஒரு ஆள் இருந்தார். அந்த ருசியை அவளால் விட முடியவில்லை.

எரிச்சல் தானாக அடங்கியது. அடங்கியதும் எல்லோரும் மறந்தார்கள். அண்ணன் மட்டும் மறக்கவில்லை, கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "என் தங்கச்சி பெரிய ஆராய்ச்சிக்காரி. என் வயித்துல இருக்கறது சாதுக் கிருமின்னு சர்டிபிகேட் குடுத்திருக்கா."

இந்த வருஷத் தொடக்கத்தில் அவருக்குச் சட்டைகள் தொளதொளத்தன. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பசியில்லை, வயசு, வெயில் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார். ஒருநாள் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி, கறுப்பாக வாந்தி எடுத்தார். அறுவை மேஜையில் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் ஒன்றையும் எடுக்காமல் மறுபடி தைத்துவிட்டார்கள். எடுக்கிற எல்லையைத் தாண்டிப் பரவியிருந்தது. அறுவை டாக்டர் பழைய கதை எல்லாம் கேட்டபோது, அண்ணன் அந்த நிலையிலும் படுக்கையில் இருந்துகொண்டு, "கிருமி இருந்துச்சு டாக்டர். ஆனா சாது. இவதான் பாத்துச் சொன்னா" என்று பக்கத்தில் நின்றவளைக் கைகாட்டினார். டாக்டர் பருந்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் காலை பருந்து முதல் ஆளாக வேலைக்குப் போய் உறைபெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு தட்டிலிருந்தும், எல்லாப் பொட்டையும் சேர்த்து வழித்து ஒரு குப்பியில் உறைய வைப்பது அந்த அறையின் பழக்கம். அண்ணனுடையதையும் அன்றைக்குப் பழக்க தோஷத்தில் வழித்து வைத்திருந்தாள், எண் இல்லாமல். அடித்தட்டின் பின்வரிசையில் பனி மூடிக் கிடந்தது. உயிர் இருக்காது என்று ஒரு நப்பாசை. செத்திருந்தால் தெரியாமலே போகும், தெரியாமல் போனால் நல்லதுதானே என்றுகூட நினைத்தாள். எட்டு நாள் காத்திருந்தாள். எட்டு வருஷம் உறைந்து கிடந்த கிருமி, கூப்பிட்டதும் எழுந்து வந்தது.

பத்துப் பொட்டு எடுத்தாள். இந்தத் தடவை உருண்டை, தனி என்று பொறுக்கவில்லை, கண்ணை எங்கே வைத்தாளோ அங்கே எடுத்தாள். ஊதா விளக்குக்குக் கீழே ஏழு வரிசையில் கோடு விழுந்தது, மூன்றில் இல்லை. புது ஆள் ஒருத்தி எட்டிப் பார்த்து, "யாரோடது மேடம்? நல்ல முரடா இருக்கே" என்றாள். பருந்து விளக்கை அணைத்தாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது, தெரிந்து இனி ஆகப்போவதும் இல்லை. நாலு நாள் தனக்குத்தானே அப்படி வக்காலத்து வாங்கிப் பார்த்தாள். ஆனால் அண்ணன் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் இன்னும் அந்த சர்டிபிகேட்டைப் படித்துக்கொண்டிருந்தார். "சாதுக் கிருமிதான், இது வேற எதனாலயோ வந்தது" என்று ஒவ்வொரு தடவை அவர் சொல்லும்போதும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஒரு மத்தியானம், அண்ணி துணி உலர்த்த மாடிக்குப் போன நேரம், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். ஒரு பொட்டு எடுத்தது, பத்து எடுத்திருக்க வேண்டியது, இப்போது எடுத்தது, பத்தில் ஏழு. ஒன்றையும் விடவில்லை, மழுப்பவும் இல்லை.

அண்ணன் மேலே சுழல்கிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பத்துக்கு ஏழா? நான் பள்ளிக்கூடத்துல வாங்கினதைவிட ஜாஸ்தி" என்றார்.

"அண்ணா..."

"மாத்திரையைக் குப்பையில போட்டது யாரு? நீயா? நான்தானே. போ, போய் முகத்தைக் கழுவிக்கிட்டு வா."

முகத்தைக் கழுவுகிற சாக்கில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மன்னித்துவிட்டார் என்று நினைத்தாள். நெஞ்சிலிருந்து மலை இறங்கின மாதிரி இருந்தது.

அடுத்த நாள் அவள் போனபோது அண்ணன், "வாங்க" என்றார். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அதற்கடுத்த நாளும் "வாங்க, உக்காருங்க" என்றார். வாண்டு என்ற பேச்சே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், தலையணையைச் சரிசெய்யவிட்டார், டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்தார். எல்லாம் பக்கத்து வீட்டுக்காரியிடம் நடந்துகொள்கிற மரியாதையோடு. இரண்டு வசவு விழுந்திருந்தால் பிழைத்திருப்பாள். அண்ணியிடம் அவர் சொன்னாரா என்பதும் தெரியவில்லை. தட்டு வைப்பது நிற்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அண்ணி, "சாப்பிடறியா?" என்று கேட்ட பிறகுதான் வைத்தாள்.

அந்தக் கிருமி பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே, சின்ன வயதிலேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். அதனால் வீட்டில் எல்லோரையும் சோதித்துவிடச் சொன்னார் குழாய் டாக்டர். பையில் மூச்சை ஊதிப் பார்க்கிற சோதனை. அண்ணிக்கு இல்லை. அண்ணன் மகளுக்கு இருந்தது. இருபத்து நாலு வயது, கண்ணாடிக் கடையில் கணக்காகப் பவர் பார்த்துக் கண்ணாடி பொருத்துகிற வேலை, அப்பாவின் வாய்த்துடுக்கு அப்படியே இறங்கியிருந்தது. அவளுக்கும் அதே மூன்று வகை மாத்திரை, அதே பதினாலு நாள்.

நாலாம் நாள் சாயங்காலம். சாப்பாட்டு மேஜையை அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டிருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூக்கமா வலியா என்று சொல்ல முடியாது. அண்ணி அவருக்காகப் பருப்புத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தாள். மகள் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டு பருந்தைப் பார்த்தாள்.

"அத்தை, இதுல முரடு, சாதுன்னு ரெண்டு வகை இருக்காமே. என்னோடது எதுன்னு பாத்துச் சொல்லுங்களேன். சாதுன்னா நிறுத்திடறேன். ஆணியைச் சப்பற மாதிரி இருக்கு வாயெல்லாம்."

"அப்படியெல்லாம் வகையே கிடையாது. எல்லாம் ஒண்ணுதான். முழுங்கு."

இருபத்திரண்டு வருஷம் அவள் பிரித்துக் காட்டிய வித்தியாசம் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமே இல்லை. அந்தப் பெண் முழுங்கினால் போதும்.

மகள் முழுங்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்: "எல்லாம் ஒண்ணுன்னா, அப்பாகிட்ட மட்டும் ஏன் சாதுன்னு சொன்னீங்க?"

வடிகட்டியிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணி தலை நிமிரவில்லை.

"அவங்களுக்கு என்மேல பாசம் ஜாஸ்தி" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமலே. "நீ மாத்திரையைப் போடு."

மகள் போட்டுக்கொண்டாள். வழக்கமான வேடிக்கைதானோ என்று பருந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் அவர் சிரமப்பட்டுப் புரண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.